மழலையர்க்கு நரிவிருத்தம்

திருத்தக்கதேவர் என்றவுடன் சீவகசிந்தாமணியை நினைக்கின்றோம். ஓடும் நரியொன்றைக் காட்டி அதனைப் பாடுமாறு ஆசிரியர் பணிக்க, அவர் முதலில் பாடியது நரிவிருத்தம் என்பது மரபு. காப்பியத்தைச் சிறு குழந்தைக்குக் கற்பித்தல் அரிது. நரியின் கதையை ஐந்து வயதிலேயே சொல்லலாம்.

வேடன் யானைமேல் அம்பெய்தான். அவனைப் பாம்பு தீண்டியது. பாம்பை அவன் வெட்டினான். மூவுயிரும் மாண்டு கிடக்க, அங்கு வந்த நரி, ஒவ்வோர் உடலும் எத்தனை நாளைக்கு உணவாகும் எனக் கணக்கிட்டது. அவற்றைச் சேமித்து வைத்து, இப்போதைக்கு வில்லின் நாண் போதும் என்று கடித்தது. நாண் அறுந்து வில் தெறிக்க, நரியும் மடிந்தது.

கடலூரிலும் சிதம்பரத்திலும் பயிற்சி ஆசிரியர்களிடம் யான் வற்புறுத்தி வந்தது இது: கொலைகளை விரித்துரைக்க வேண்டா, கணக்கை விரித்துரையுங்கள். புளியங்கொட்டைகளைக் குழந்தையின் கையில் கொடுத்து, நரியாகவே இருந்து எண்ணச் செய்யுங்கள். நாணைக் கடிக்குமுன் கதையை நிறுத்தி, "பசித்த நரி என்ன செய்யலாம்?" என வினவுங்கள். நம் இல்லங்களில் கதை முடியுமுன்னரே "பேராசை கூடாது" என்று நீதி வந்துவிடுகிறது. பிறகு குழந்தைக்கு எண்ணிப் பார்க்க என்ன இருக்கிறது?

"நரி ஒருவரையும் கொல்லவில்லையே, அது ஏன் இறந்தது?" என்று கேட்கும் குழந்தை உண்டு. கடவுள் தண்டித்தார் என்று மட்டும் விடை கூறாதீர்கள். தண்டிப்பார் ஒருவர் உளர் என்பது நம் அறக்கொள்கை அன்று. நாளைய உணவையே எண்ணிய நரி, வாயருகே வில் வளைந்திருந்ததைக் காணவில்லை என்று சொல்லுங்கள். ஐந்து வயதிற்கு அது விளங்கும். மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதத்தின் பெயரைப் பத்து வயதளவில் கற்பிக்கலாம்.