வெப்சாக்கெட் திறப்போம், வாருங்கள்!

(மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல்)

மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். கவிதை எழுத நம் வகுப்பில் நிறையப் பேர் இருப்பதால், நான் பிராஜெக்டுக்காகப் படித்த ஒரு பாடத்தையே எழுதுகிறேன். டெஸ்க்டாப் அப்ளிகேஷனிலிருந்து வெப்சாக்கெட் இணைப்பைத் திறப்பது எப்படி? மொழி சி ஷார்ப். ஆணைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். லேபில் ஆங்கிலத்தில் அடித்துக் கொள்ளுங்கள்.

முதலில், இது எதற்கு? எங்கள் பிராஜெக்ட் காய்கறி மண்டிக்கு ஒரு விலைப் பலகை. அலுவலகத்தில் விலையை மாற்றினால் கடைகளில் உள்ள கம்ப்யூட்டர் திரையில் உடனே மாற வேண்டும். சாதாரண எச்.டி.டி.பி. முறையில் நாம் கேட்டால்தான் பதில் வரும். 5 நொடிக்கு ஒரு தடவை "விலை மாறிச்சா?" என்று கேட்டால் மணிக்கு 720 தடவை ஆகிறது. மண்டியில் மூட்டை இறக்கும் என் அப்பாவிடம் இதைச் சொன்னேன். "ஃபோனை வைக்காம லைன்லயே இருந்தா ஆச்சு, எதுக்கு அத்தனை தடவை கூப்பிடணும்?" என்றார். வெப்சாக்கெட் அதேதான். லைன் திறந்தே இருக்கும்; இரு பக்கமும் நினைத்த நேரத்தில் பேசலாம். இதன் விதிகள் 2011 டிசம்பரில் ஆர்.எஃப்.சி. 6455 என்ற பெயரில் வெளியாயின.

புரோகிராமில் திறப்பது சின்ன வேலைதான். கிளையன்ட்வெப்சாக்கெட் என்ற ஆப்ஜெக்டை நியூ போட்டு உருவாக்கி, அதன் கனெக்ட்அசிங்க் மெத்தடுக்கு முகவரியைக் கொடுக்க வேண்டும். முகவரி டபிள்யூ.எஸ். என்று தொடங்கும், என்கிரிப்ஷன் வேண்டுமானால் டபிள்யூ.எஸ்.எஸ். ஆனால் அந்த ஒரு வரிக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாவிட்டால், எர்ரர் வரும்போது முழிக்க வேண்டியதுதான். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். திரையைக் காட்டி "இது என்ன?" என்று கேட்க வீட்டில் யாரும் இல்லை. உங்களில் பலருக்கும் அப்படித்தான் இருக்கும். ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் புரோகிராம் முதலில் அனுப்புவது சாதாரண எச்.டி.டி.பி. கெட் கோரிக்கைதான். அதில் "அப்கிரேட்: வெப்சாக்கெட்" என்று ஒரு ஹெடர் இருக்கும். 16 ரேண்டம் பைட்டை பேஸ்64 ஆக்கிய 24 எழுத்துக் கீ ஒன்றும் இருக்கும். சர்வர் அந்தக் கீயோடு, விதியில் சொல்லியுள்ள மாறாத 36 எழுத்து ஸ்டிரிங்கை ஒட்டி, ஷா-1 கணக்குப் போட்டு விடையைத் திருப்பி அனுப்பும். கூடவே 101 என்ற ஸ்டேட்டஸ் எண். நம் பக்கமும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். விடை ஒத்துப்போனால் லைன் திறந்தது. கீ என்றதும் இது ரகசியப் பூட்டு என்று நினைக்க வேண்டாம். எதிரில் இருப்பது வெப்சாக்கெட் தெரிந்த சர்வர்தானா என்ற சோதனை மட்டுமே.

இது புரிந்துவிட்டால் "101 எதிர்பார்த்தேன், 200 வந்தது" என்ற எர்ரர் பயமுறுத்தாது. ஏதோ சாதாரண வலைப்பக்கத்துக்குப் போய் நிற்கிறோம் என்று அர்த்தம். 404 என்றால் முகவரியில் பாதை தவறு. 401 என்றால் லாகின் கேட்கிறது.

அடுத்து, கனெக்ட்அசிங்க் முன்னால் அவெய்ட் போடுங்கள். பின்னால் வெயிட் போடாதீர்கள். விண்டோஸ் ஃபார்மில் பட்டன், லேபிள் எல்லாவற்றையும் ஒரே த்ரெட்தான் கவனிக்கிறது. அதை வெயிட் போட்டு நிறுத்தினால் சர்வர் பதில் தரும்வரை விண்டோ உறைந்து நிற்கும். உள்ளே அவெய்ட் வைத்து நாமே எழுதிய மெத்தடை வெயிட் போட்டு அழைத்தால் இன்னும் மோசம். மீதி வேலைக்கு த்ரெட் வரட்டும் என்று மெத்தட் காத்திருக்கும். மெத்தட் முடியட்டும் என்று த்ரெட் காத்திருக்கும். பஸ் படியில் ஏறுபவரும் இறங்குபவரும் "நீங்க முதல்ல" என்று நிற்கிற கதைதான். 10 நொடியில் ரத்தாகும் கேன்சலேஷன் டோக்கன் ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள்.

செய்தி வாங்க ரிசீவ்அசிங்க். தமிழில் செய்தி அனுப்புகிறவர்கள் இங்கேதான் கவனிக்க வேண்டும்! யு.டி.எஃப்.-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். 'கத்தரி'யில் க, த, புள்ளி, த, ர, இகரக் கொக்கி என 6 குறியீடுகள். ஆக 18 பைட். நம் பஃபர் 1024 பைட் என்றால், 3 ஆல் வகுக்க மீதி 1. முழுக்கத் தமிழாக உள்ள நீளமான செய்தி, ஓர் எழுத்தின் மூன்றில் ஒரு பங்கில் துண்டாகும். வந்த துண்டை அப்படியே டெக்ஸ்டாக மாற்றினால் அந்த இடத்தில் எழுத்து உடைந்து கேள்விக்குறிக் கட்டம் தெரியும். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து ஒரே பைட் என்பதால், ஆங்கிலச் செய்தி வைத்துச் சோதித்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். எண்ட்ஆஃப்மெசேஜ் ட்ரூ ஆகும்வரை பைட்டுகளை மெமரிஸ்ட்ரீமில் சேர்த்து வைத்து, பிறகு மொத்தமாக மாற்றுவதே சரி.

கடைசியாக, வைவாவில் கேட்கத் தகுந்த ஒன்று. லைன் அறுந்தால் பழைய ஆப்ஜெக்டிலேயே மறுபடி கனெக்ட் கொடுக்க முடியாது. புதிதாக நியூ போட வேண்டும். கரண்ட் போய் வந்து சர்வர் எழும்போது எல்லாக் கடையும் ஒரே நொடியில் முட்டும். அதனால் 1 நொடி, 2, 4 என்று இடைவெளியைக் கூட்டி, கொஞ்சம் ரேண்டமும் கலந்து முயலுங்கள்.