காற்றா, பாட்டரியா, கம்பியா?

தொழிலுக்குக் கருவி வாங்கும்போது, 'எது வலிமை மிக்கது? எது விலை குறைந்தது?' என்னும் இரண்டு கேள்விகளையே நாம் பெரும்பாலும் கேட்கிறோம். மூன்றாவது கேள்வி ஒன்றும் உண்டு. 'இதை எந்த இடத்தில் பிடித்து வேலை செய்யப் போகிறோம்?' என்பதே அது. கடற்கரைப் பட்டறையில் இதுவே முதற் கேள்வியாக வேண்டும். அங்கே இதற்கு விடை தவறினால் பணம் மட்டுமன்றி உயிரும் போகக்கூடும்.

நாம் பயிலும் திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டி இருப்பது விழிஞ்ஞம். 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் திறந்து வைக்கப்பட்ட பெருந்துறைமுகத்தால் இன்று அவ்வூரின் பெயர் எங்கும் பேசப்படுகிறது. ஆயினும் அதன் பழைய உயிர் மீன்பிடித் தொழிலே. இத்தகைய கரையில் கண்ணாடியிழைப் படகுகளைச் செப்பனிடும் சிறு பட்டறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். உடைந்த பகுதியைத் தேய்த்து எடுக்க கிரைண்டர் வேண்டும். பிசின் பூசிக் காய்ந்த பின் மெருகிட சாண்டர் வேண்டும். ஆணி முடுக்க டிரில் வேண்டும். இவற்றை அழுத்திய காற்றாலும் இயக்கலாம், பாட்டரியாலும் இயக்கலாம், சுவரிலிருந்து வரும் மின்கம்பியாலும் இயக்கலாம்.

இம்மூன்றில் மூத்தது காற்றே. ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து இரயில் பாதை அமைத்தபோது, 1861-இல் காற்றுத் துளைப்பான்கள் அங்கே வேலையில் இறங்கின. மின்சாரக் கைத்துளைப்பான் ஜெர்மனியில் 1895-இல் தோன்றியது. கம்பியில்லாத பாட்டரித் துளைப்பான் 1961-இல் விற்பனைக்கு வந்தது. புதியது வந்ததும் பழையது மறைந்துவிடவில்லை. அதன் காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சக்தியின் கணக்கைப் பார்ப்போம். விழிஞ்ஞத்திலேயே இதற்கு ஒரு பெரிய பாடம் நடந்திருக்கிறது. 1991-இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தினர் அங்கே 150 கிலோவாட் அளவுள்ள கடலலை மின் நிலையம் ஒன்றை இயக்கினர். கான்கிரீட் அறைக்குள் அலை ஏறி இறங்கும். உள்ளிருக்கும் காற்று வெளியே தள்ளப்பட்டும் உள்ளே இழுக்கப்பட்டும் ஓடும். அக்காற்று வெல்ஸ் டர்பைன் என்னும் சுழலியைச் சுழற்றும். காற்று எத்திசையில் வந்தாலும் அச்சுழலி ஒரே திசையில் சுற்றும் என்பது அதன் சிறப்பு. அந்நிலையம் இன்று இயங்கவில்லை. ஆனால் அது கற்பித்த உண்மை நிலையானது. சக்தி ஓர் உருவிலிருந்து மற்றோர் உருவுக்கு மாறும்போதெல்லாம் சுங்கம் கட்டியே தீர வேண்டும்.

அங்கே காற்று மின்சாரமாயிற்று. பட்டறையிலோ நாம் மின்சாரத்தைக் காற்றாக்குகிறோம். 5 குதிரைத்திறன், அதாவது ஏறக்குறைய 3.7 கிலோவாட் கம்ப்ரசர் ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 500 லிட்டர் காற்றைத் தரும். ஒரு காற்று கிரைண்டர் இடைவிடாது ஓடினால் அத்தனையையும் அதுவே குடித்துவிடும். அதன் முனையில் கிடைக்கும் வேலையோ அரை கிலோவாட் அளவுதான். எட்டில் ஏழு பங்கு பெரும்பாலும் வெப்பமாகிப் போகிறது. அதே வேலையைக் கம்பி கிரைண்டர் ஒரு கிலோவாட்டுக்குள் முடித்துவிடும்.

அப்படியானால் காற்றை விட்டுவிடலாமே என்று வாசகர் கேட்கலாம். அவசரம் வேண்டா. காற்றுக் கருவிக்கு மூன்று நற்குணங்கள் உண்டு. அதன் உடலில் மின்சாரமே இல்லையாதலால் ஈரத்தில் நின்று பிடித்தாலும் மின் அதிர்ச்சி இல்லை. தூசு பறக்காதிருக்க நீர் விட்டுத் தேய்க்கவும் செய்யலாம். இரண்டாவது, மின் மோட்டார் தன்னைக் குளிர்விக்க வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. அதோடு கண்ணாடித் தூளும் உட்சென்று சுருள்களை அரிக்கிறது. காற்று மோட்டாரோ உள்ளிருந்து வெளியே ஊதுவது. மூன்றாவதே மிக முக்கியமானது. பிசினில் கலந்துள்ள ஸ்டைரீன் என்னும் திரவம் 31 பாகை செல்சியஸ் அளவிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியைத் தரும். நம் நாட்டுப் பகல் வெப்பமே அதுவன்றோ! கை கழுவும் அசிட்டோன் இன்னும் கொடியது. கம்பிக் கருவியின் கார்பன் பிரஷ்களில் எப்போதும் சிறு பொறிகள் தெறிக்கின்றன. பாட்டரிக் கருவியின் சுவிட்சும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று.

ஆனால் காற்றைப் பேணத் தெரிய வேண்டும். 30 பாகை வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காடானால், மேற்சொன்ன கம்ப்ரசர் ஒரு மணி நேரத்தில் உள்ளிழுக்கும் 30 கனமீட்டர் காற்றில் ஏறக்குறைய 730 கிராம் நீராவி இருக்கும். அக்காற்றை எட்டில் ஒரு பங்காகச் சுருக்கிக் குளிரவிட்டால், அதில் 600 கிராமுக்கு மேல் நீராகப் பிரியும். அதை நாள்தோறும் வடிக்காவிட்டால் தொட்டியும் துருப்பிடிக்கும், கருவியும் துருப்பிடிக்கும். குழாயில் 1 மில்லிமீட்டர் துளை இருந்தால் நிமிடத்துக்குச் சுமார் 60 லிட்டர் வீணாகும். 3 மில்லிமீட்டர் துளையோ கம்ப்ரசர் தருவது முழுவதையும் விழுங்கிவிடும்.

இனி, கம்பி. மலிவும் களைப்பின்மையும் அதன் பெருமை. ஆனால் ஈர மணலில் வெறுங்காலுடன் நிற்பவரின் உடல் தடையை 1,000 ஓம் என்று கொள்வோம். 230 வோல்ட் அவரைத் தொட்டால் 0.23 ஆம்பியர் பாயும். இதயத்தை நிறுத்த இது போதும்; 5 ஆம்பியர் ஃபியூஸை உருக்க இது போதாது. ஃபியூஸ் கம்பியைக் காக்குமேயன்றி மனிதனைக் காக்காது. மனிதனைக் காப்பது 0.03 ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை நிறுத்தும் ஆர்.சி.சி.பி. என்னும் சாதனம். அது இல்லாத இணைப்பிலிருந்து கரைக்குக் கம்பி இழுப்பது எமனுக்கு வழிகாட்டுவதாகும்.

பாட்டரியின் 18 வோல்ட் அச்சம் தருவதன்று. ஆனால் அதன் வயிறு சிறியது. 5 ஆம்பியர்-மணி பாட்டரியில் அடங்குவது 90 வாட்-மணி. 600 வாட் இழுக்கும் கிரைண்டருக்கு அது 9 நிமிடம்! டிரில்லுக்கோ, விட்டுவிட்டு ஓடுவதால், அரைநாள் வேலைக்கும் போதலாம். வெயிலில் சுட்ட பாட்டரியை உடனே சார்ஜ் செய்யலாகாது; நிழலில் ஆறவிடுக. உப்புப் படியும் முனைகளை உலர்ந்த துணியால் துடைத்து வைக்க வேண்டும்.

ஆகவே முடிவு இதுவாகும். பட்டறையை மூன்று இடங்களாகப் பிரித்துக்கொள்க. பிசின் பூசும் கொட்டகையிலும் நீண்ட நேரம் தேய்க்கும் இடத்திலும் காற்று. கம்ப்ரசரை மட்டும் கொட்டகைக்கு வெளியே, ஆவி அணுகாத இடத்தில் வைக்க வேண்டும். உலர்ந்த தரையும் ஆர்.சி.சி.பி.யும் உள்ள மேசையில் கம்பி. கரையில் நிற்கும் படகில் நான்கு ஆணி முடுக்க பாட்டரி. ஈரப் பிசின் அருகே எக்கருவியாலும் இரும்பைத் தேய்க்கலாகாது. அப்பொறி எந்தக் கருவியிலிருந்து வந்தாலும் பொறியே. எக்கருவியானாலும் முகமூடியும் கண்ணாடியும் அணிக.

ஒன்றே வாங்கப் பணம் உள்ளவர் என் செய்வது? அவர் கம்பிக் கருவியையே வாங்கட்டும். ஆனால் கருவிக்கு முன் ஆர்.சி.சி.பி.யை வாங்கட்டும். பிசின் வேலை நடக்கும் நாளில் அக்கருவி கொட்டகைக்குள் நுழையாதிருக்கட்டும். எட்டில் ஏழு பங்கு சக்தியை வீணாக்கும் காற்றுக் கருவி, அதற்கு ஈடாகத் தருவது தொழிலாளியின் உயிருக்கு ஒரு காவல். அக்காவல் தேவைப்படும் இடத்தில் அது வீண் செலவன்று. தேவைப்படாத இடத்தில் வீண் செலவே. விஞ்ஞானம் படிக்கும் நாம் ஊருக்குத் திரும்பும்போது நம் கரையோரப் பட்டறைகளுக்குச் சொல்லத்தக்க செய்தி இது.