சோலார் போடுகிறீர்களா? வயரையும் பைப்பையும் கவனியுங்கள்

பி.எம். சூர்யா கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. தெற்குக் கேரளத்தின் திருப்புறம், பாறசாலைப் பக்கம் சோலார் போட நினைப்பவர்கள் பேனல் எந்தக் கம்பெனி என்று நாலு பேரிடம் விசாரிக்கிறார்கள். வயர் என்ன கனம் என்று கேட்பவர்தான் குறைவு.

1. ஆம்பியரை மட்டும் பார்த்து வயர் வாங்காதீர்கள்; தூரமும் வோல்ட்டும் கணக்கில் வர வேண்டும். 540 வாட் பேனல் வெயிலில் சுமார் 41 வோல்ட், 13 ஆம்பியர் தரும். ஆறு பேனலை வரிசையாகக் கோர்த்தால் ஆம்பியர் அதே 13தான், வோல்ட் 246 ஆகிவிடும். இன்வெர்ட்டர் 20 மீட்டர் தள்ளி இருந்தால் வயர் போக வர 40 மீட்டர். 4 ஸ்கொயர் எம்.எம். செம்பு வயருக்கு மீட்டருக்கு 0.005 ஓம் தடை. 40 × 0.005 × 13 = 2.6 வோல்ட். 246-ல் இது நூற்றுக்கு ஒன்று, கவலையில்லை. அதே வயரில் அதே 13 ஆம்பியரை 12 வோல்ட் பேட்டரிக்கு இழுத்துப் பாருங்கள்: ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வழியிலேயே போய்விடும். அப்புறம் பேட்டரி நிறையவில்லை என்று பேனலைத் திட்டி என்ன பயன்? பேட்டரியைப் பக்கத்தில் கொண்டு வாருங்கள், இல்லையேல் வயரைக் கனமாக்குங்கள்.

2. மாடிக்கு மேல் ஷீட் போட்ட வீடுகளில் பைப்பை ஷீட்டோடு ஒட்டி ஓட்டாதீர்கள். கிளாம்ப் வைத்துத் தூக்கி நிறுத்துங்கள்; ஷீட்டின் சூட்டில் வயரின் தாங்கும் திறன் குறையும். 30 டிகிரியில் 24 ஆம்பியர் தாங்கும் சாதாரண பி.வி.சி. வயர் 50 டிகிரியில் 17 ஆம்பியர்தான் தாங்கும். அதே பைப்பில் இன்னொரு ஜோடி வயரும் ஓடினால் பதின்மூன்றரைக்கு இறங்கிவிடும். ஆகவே பேனல் பக்கம் சோலார் டி.சி. வயரே வேண்டும். வயர் மேல் ஐ.எஸ். 17293 என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள்.

3. பைப்பில் பாதிக்கு மேல் காலியாக இருக்கட்டும். 4 ஸ்கொயர் சோலார் வயர் இரண்டுக்கு 20 எம்.எம். பைப், நான்குக்கு 25 எம்.எம். திணித்து இழுத்தால் வளைவில் தோல் உரியும்.

4. டி.சி.க்கு ஒரு பைப், ஏ.சி.க்கு வேறு பைப்.

5. மழைக்கு: இன்வெர்ட்டருக்குள் வயர் கீழிருந்து ஏறட்டும். நுழையும் முன் ஒரு தொங்கல் விட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். பைப் வாயை அடைத்துவிடுங்கள், இல்லையேல் எறும்பு குடியேறும். பூவாறு போலக் கடல் பக்கம் என்றால் வெள்ளீயம் பூசிய செம்பு வயர்தான் சரி. உப்புக் காற்று வெறும் செம்பைக் கறுக்க வைக்கும்.

6. ஐப்பசி இடியை மறக்க வேண்டாம். இடிதாங்கிக்குத் தனி எர்த் வேண்டும். அந்தக் கம்பியை வயர் பைப்புக்குள் விடக் கூடாது.

7. டி.சி. பக்கம் டி.சி. பிரேக்கரே போட வேண்டும். வீட்டு எம்.சி.பி.யை வைத்து ஒப்பேற்றினால் தீப்பொறி அணையாமல் நின்று எரியும். கரண்ட் போயிருக்கிறதே என்று பேனல் வயரில் கை வைக்காதீர்கள்; வெயில் இருக்கும்வரை அதில் வோல்ட் இருக்கும்.