கதவுக்குக் கீழே ஒளிந்திருக்கும் கறள்
பழைய காரின் அடித்தகட்டைப் பேணுதலும் திருத்துதலும்

யாழ்ப்பாணத்து வீதிகளில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் இன்றும் ஓடுவதை நாம் காண்கிறோம். மொறிஸ் மைனர் 1948 இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. 16 இலட்சத்துக்கும் மேற்பட்டவை செய்யப்பட்டபின் 1971 இல் அதன் உற்பத்தி நின்றது. எனவே நம்மிடமுள்ள மிக இளைய மைனருக்கும் ஐம்பது வயது கடந்துவிட்டது. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கிடையாதபோது, காபரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை இயக்கி, பின் மண்ணெண்ணெயில் ஓடி, நோயாளரையும் கர்ப்பிணித் தாய்மாரையும் ஆசுபத்திரிக்குக் கொண்டுசென்றவை இந்த வாகனங்களே.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தபோதும், புதிய வாகனம் வாங்குவது நம்மிற் பலருக்கு எட்டாத காரியமாகவே உள்ளது. ஆகவே உள்ளதைப் பேணுவதே புத்தி. எஞ்சின் பழுதானால் நமது கராஜ்காரர் எப்படியும் ஓட வைத்துவிடுவர். ஆனால் உடலைக் கறள் தின்றுவிட்டால் அந்த வாகனத்தை மீட்பது கடினம். கறள் மிகுதியாகத் தின்னும் இடம் கதவுக்குக் கீழே உள்ள அடித்தகடு. இப்பாடத்தில் அதைப் பற்றியே பார்ப்போம்.

அடித்தகடு என்றால் என்ன?

காரின் கதவைத் திறந்தால் நாம் கால்வைத்து ஏறும் படி போன்ற பகுதி தெரியும். முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையே, இரு பக்கமும் இது நீளமாக ஓடுகிறது. வெளியே பார்ப்பதற்கு ஒரே தகடு போலத் தோன்றினாலும் உண்மையில் இது வெளித்தகடு, உள்தகடு எனப் பல தகடுகள் சேர்ந்த ஒரு வெற்றுப் பெட்டி.

ஒஸ்ரின் ஏ40 சமசெற், லான்ட் றோவர் போன்றவற்றில் கீழே தனியான சேசிஸ் சட்டம் உண்டு. அங்கே அடித்தகடு பழுதானாலும் சட்டம் பாரத்தைத் தாங்கும். மொறிஸ் மைனரிலும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜிலும் அப்படியான முழுச் சட்டம் இல்லை. உடலே சட்டம். வீட்டுக்குக் கப்பும் வளையும் எப்படியோ, அப்படியே இவ்வாகனங்களுக்கு அடிப்பெட்டிகள். அவை உக்கினால் வாகனம் நடுவில் தொய்யும்; பக்கவாட்டில் மோதல் நேர்ந்தால் உள்ளே இருப்பவருக்குப் பாதுகாப்பு இராது.

கறள் ஏன் அங்கே பிடிக்கிறது?

இரும்பு, நீர், காற்றிலுள்ள ஒட்சிசன் ஆகிய மூன்றும் சேர்ந்தால் கறள் உண்டாகும். உப்பும் கூடினால் வேகம் பன்மடங்காகும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால், மழையில்லாத நாளிலும் தகடு உலராது. நமது குடாநாடோ மூன்று பக்கமும் கடலும் நடுவே கடனீரேரிகளும் கொண்டது. பண்ணைப் பாலத்தாலும் பொன்னாலை – காரைநகர்ப் பாதையாலும் நாள்தோறும் போய்வரும் வாகனத்துக்கு உப்புக் குளிப்பு நிச்சயம்.

அடிப்பெட்டியின் கீழ்ப்புறத்தில் நீர் வடியச் சிறு துளைகள் உள்ளன. சில்லுகள் எற்றும் சேறும் மணலும் இத்துளைகளை அடைத்துவிடுகின்றன. கதவுக் கண்ணாடியின் றப்பர் வெடித்திருந்தால் மழைநீர் கதவுக்குள் இறங்கி அங்கிருந்து படிக்கும் வரும். உள்ளே தேங்கிய நீர் தகட்டை உள்ளிருந்தே தின்னும். வெளியே பெயின்றில் ஒரு சிறு கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும். இதனாற்றான் இதை ஒளிந்திருக்கும் கறள் என்கிறோம்.

சோதிக்கும் முறை

1. தரை விரிப்பை முழுவதும் தூக்கிப் பாருங்கள். விரிப்பின் அடியில் ஈரமிருந்தால் அது முதல் எச்சரிக்கை.
2. திருப்புளியின் பிடியால் அடித்தகடு நெடுகத் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். உக்கியது மந்தமாக ஒலிக்கும்.
3. மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தைத் தகட்டின்மீது நகர்த்துங்கள். பிடிக்காத இடத்தில் இரும்பு இல்லை. முன்பு யாரோ பூசிய பசையே உள்ளது.
4. சந்தேகமான இடத்தைத் திருப்புளி முனையால் அழுத்துங்கள். நல்ல தகட்டில் முனை இறங்காது.
5. கதவைத் திறந்து மூடுங்கள். முன்பு ஒழுங்காக மூடிய கதவு இப்போது உரசினால் உடல் தொய்யத் தொடங்கியிருக்கலாம். கதவின் பிணைச்சலும் தேய்ந்திருக்கலாம், இரண்டையும் பாருங்கள்.
6. ஜாக் வைக்கும் இடத்தைக் கூர்ந்து பாருங்கள். மைனரில் முன் இருக்கைகளின் கீழே குறுக்கே ஓடும் சட்டத்தின் இரு முனைகளும் அடித்தகட்டருகே முடிகின்றன. ஜாக் அங்கேதான் பொருந்தும். கறளும் அங்கேதான் மிகும். உக்கிய இடத்தில் ஜாக் வைத்துக் கீழே படுப்பது உயிருக்கு ஆபத்து.

பட்டி பூசினால் போதாதா?

வலிகாமத்திலுள்ள ஒரு கராஜில் நாம் கண்ட காட்சி இது. பழைய கேம்பிறிட்ஜ் ஒன்றை வாடகைக்கு ஓட்டும் ஒருவர் வந்தார்.

“தம்பி, அடுத்த கிழமை ஒரு கலியாண ஓட்டம் இருக்கு. இந்த ஓட்டையளுக்குப் பட்டியை வைச்சுத் தேய்ச்சு பெயின்ற் அடிச்சுவிடும், காணும்.”

கராஜ்காரர் திருப்புளியை எடுத்து மெல்லக் குத்தினார். அது கைப்பிடி வரை உள்ளே போயிற்று.

“அண்ணை, வைக்கிறதெண்டால் வைக்கலாம். ஆனால் பட்டி பிடிக்கிறதுக்கு இங்கை தகடு எங்கை? நாளைக்கு நாலு சனத்தை ஏத்திக்கொண்டு போகேக்கை என்ன செய்வியள்?”

அவர் சிறிது நேரம் பேசாமல் நின்றார். பின்னர் கலியாண ஓட்டத்தை வேறொருவருக்கு மாற்றிவிட்டு வாகனத்தை அங்கேயே விட்டுச் சென்றார். அந்த ஓட்டத்தின் கூலி அவருக்கு இல்லாமற் போனது. அது சிறிய இழப்பன்று என்பதை நாம் அறிவோம்.

பட்டி என்பது மேடுபள்ளத்தைச் சமன்செய்யும் பசை. அது பாரம் தாங்காது. ஓட்டையின் மேல் பூசினால் உள்ளே ஈரத்தை அடைத்துவைத்துக் கறளை வளர்க்கும். அப்படி மறைத்த வாகனத்தை இன்னொருவருக்கு விற்பதோ வாங்குபவரை ஏமாற்றுவதாகும்; ஆபத்தையும் அவர் தலையில் ஏற்றுவதாகும்.

திருத்தும் ஒழுங்கு

ஒட்டு வேலை பழகியவரே இதைச் செய்யவேண்டும். ஆயினும் உரிமையாளர் ஒழுங்கை அறிந்திருந்தால் வேலையைச் சரிபார்க்கலாம்.

முதலில் பற்றறி வயரைக் கழற்றவேண்டும். இருக்கை, விரிப்பு யாவற்றையும் வெளியே எடுக்கவேண்டும். எரிபொருள், பிரேக் குழாய்கள் செல்லும் பாதையைப் பார்த்து விலக்கவோ மறைக்கவோ வேண்டும். மைனரில் பிரேக் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடித் தரையின் கீழேயே இருப்பதை மறக்கலாகாது. பக்கத்தில் தீயணைக்கும் கருவியும் மணல் வாளியும் இருக்கட்டும்.

இரண்டாவதாக, வாகனத்தைச் சமதரையில் உறுதியான தாங்கிகள்மேல், உடல் வளையாதபடி நிறுத்தவேண்டும். கதவு இடைவெளிகளை அளந்து எழுதிவைக்கவேண்டும். கதவு வாசலில் குறுக்கே கோண இரும்பு பொருத்தியபின்னரே வெட்டத் தொடங்கவேண்டும். ஒரு பக்கம் முடிந்த பின்னரே மறுபக்கம். இரண்டையும் ஒன்றாக வெட்டினால் உடல் கோணிவிடும். பின் கதவு ஒருபோதும் பொருந்தாது.

மூன்றாவதாக, நல்ல தகடு வரும்வரை வெட்டவேண்டும். கறள் பிடித்த ஓரத்தில் புதுத் தகட்டை ஒட்டினால் ஒட்டு நிற்காது. உள்தகடு போயிருந்தால் அதை முதலில் திருத்தி, அதன்பின்னரே வெளித்தகட்டை மூடவேண்டும். மைனருக்கான தகடுகள் இங்கிலாந்தில் இன்றும் விற்பனைக்கு உண்டு. 1990களில் அவற்றுட் சில நமது நாட்டிலேயே செய்து அங்கு அனுப்பப்பட்டன. வாங்க வசதியில்லாதவர் 18 கேஜ், அதாவது ஏறத்தாழ 1.2 மில்லிமீற்றர் தகட்டை மடித்துச் செய்விக்கலாம். கூரைக்குப் போடும் நாகம் பூசிய தகட்டைத் தவிர்ப்பது நல்லது. ஒட்டும்போது எழும் புகை காய்ச்சலையும் நெஞ்சடைப்பையும் தரும்.

நான்காவதாக, மிக் ஒட்டு முறையே இம்மெல்லிய தகட்டுக்கு உகந்தது. காஸ் ஒட்டின் வெப்பம் தகட்டை நெளிக்கும். சாதாரண மின் ஒட்டுக் கூர் ஓட்டை போட்டுவிடும். சிறு சிறு புள்ளிகளாக, இடம் மாற்றி மாற்றி ஒட்டி, ஆறவிட்டு, பின்னர் இடைவெளிகளை நிரப்பவேண்டும். நீர் வடியும் துளைகளை மீண்டும் விடத் தவறக்கூடாது.

மீண்டும் வராமல் காத்தல்

ஒட்டு வேலையால் உள்ளே பெயின்ற் எரிந்திருக்கும். அப்படியே விட்டால் சில மழைக்காலங்களில் கறள் திரும்பும். வெளியே கறள்தடுப்புப் பூச்சும் பெயின்றும் அடித்தபின், பெட்டியின் உள்ளே நீண்ட குழாய் மூலம் மெழுகுப் பூச்சுத் தெளிக்கவேண்டும். அது கிடையாவிடில், கிறீஸைச் சுடுநீர்ப் பாத்திரத்தில் இளக்கிச் சிறிது புதிய ஒயில் கலந்து பயன்படுத்தலாம். நேரடி நெருப்பில் வைக்கலாகாது. பிரேக் பாகங்களிலும் றப்பர் குழாய்களிலும் படவிடக்கூடாது.

பலர் கழிவு ஒயிலை வாகனத்தின் அடியில் அடிக்கின்றனர். இதை நாம் வேண்டாமென்கிறோம். நமது நிலம் சுண்ணாம்புக் கல். மேலே ஊற்றுவது கீழே கிணற்றுக்குப் போகும். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று 2019 இல் தீர்ப்பானதை நாம் மறக்கவில்லை. காரைக் காக்கப் போய்க் குடிநீரைக் கெடுக்கலாகாது.

ஆண்டுதோறும் செய்யவேண்டியவை இவை: ஒக்டோபரில் மாரி தொடங்குமுன் துளைகளைக் கம்பியால் குத்தித் திறத்தல், கதவு றப்பர்களைப் பார்த்தல், மாரி முடிந்தபின் அடிப்பகுதியை உவரற்ற நல்ல தண்ணீரால் கழுவி வெயிலில் உலரவிடுதல், சிறு கொப்புளத்தை உடனே சுரண்டிப் பூசுதல். அரைநாள் வேலை. செலவும் சொற்பம்.

கூடிச் சிந்திக்க

1. உங்கள் ஊரிலுள்ள வாடகை வாகனங்களின் அடித்தகடுகளைக் கடைசியாகப் பார்த்தது எப்போது? பார்ப்பது யார் பொறுப்பு?
2. திருத்தும் நாட்களில் சாரதியின் வருமானம் நின்றுவிடுகிறது. ஊர்ச் சங்கமோ கடனுதவிக் குழுவோ இதற்கு என்ன செய்யலாம்?
3. உங்கள் ஊர்க் கராஜில் ஒட்டு வேலை பழகும் இளைஞர் எத்தனை பேர்? இப்போது வேலை தெரிந்த முதியவர்களிடமிருந்து அவர்கள் கற்க என்ன வழி?

இக்கேள்விகளோடு ஒரு திருப்புளியையும் காந்தத்தையும் எடுத்துக்கொண்டு, கூட்டம் முடிந்ததும் வெளியே நிற்கும் வாகனங்களைப் பாருங்கள். பாடம் அங்கேதான் நன்றாக விளங்கும்.