நீலகிரி ஈமப்பொருள்கள்

நீலகிரியின் மலைமுகடுகளில் பண்டையோர் அமைத்த ஈமக் கல்வட்டங்கள் பல உள. அரும்பொருள் திரட்டும் ஆர்வத்தால் அவற்றைத் தோண்டியோர் பலர். ஆயின், கிடைத்த இடம் குறிக்கப்படாத பொருள் தன் வரலாற்றை இழந்து நிற்கும்.

1868-ஆம் ஆண்டில் நீலகிரியின் முதல் கமிஷனராக அமர்ந்த ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் இதனை நன்குணர்ந்தவர். எருமை முதலிய உருவங்கள் அமைந்த மூடிகளையுடைய மட்கலங்கள், வெண்கலக் கிண்ணங்கள், இரும்புக் கருவிகள், மணிகள் ஆகியவற்றை அவர் அகழ்ந்தெடுத்தார். அவை கிடைத்த இடங்களையும் எழுதிவைத்தார். 1872-இல் அவர் மறைந்தார். மறு ஆண்டே அக்குறிப்புகள் நூலாக வெளிவந்தன. அவர் திரட்டிய பொருள்கள் பல இன்றும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன.

உடைந்த கலத்தை ஒட்டலாம். மறந்த இடத்தை மீட்டல் அரிது. ஆதலின், பழம்பொருளைக் காணும் மாணவர் அதனைத் தொடாது, தொல்லியல் துறையினர்க்கு அறிவித்தலே கடனாகும்.