ஏஸ்: ஒரு சொல், பல முகங்கள்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் நம்மை அதிகம் குழப்புவது ஒரே சொல் இடத்துக்கு இடம் வேறு பொருள் தருவதுதான். ‘ஏஸ்’ அப்படிப்பட்ட ஒரு சொல். விளையாட்டிலும் வரும், விண்டோஸ் செட்டிங்கிலும் வரும், மெயிலில் வரும் பைலின் பெயரிலும் வரும். கடைசியாகச் சொன்ன இடத்தில் மட்டும் சற்று எச்சரிக்கை தேவை. ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?

விளையாட்டில் ஏஸ்

சீட்டுக்கட்டில் ஒற்றைப் புள்ளி உள்ள சீட்டு ஏஸ். பல ஆட்டங்களில் இதுதான் ராஜாவையும் மிஞ்சும் சீட்டு. அதனால் ஒரு துறையில் முதல்வராக இருப்பவரையும் ஏஸ் என்கிறார்கள். டென்னிஸில் எதிராளியின் மட்டையில் படாமலேயே புள்ளி பெற்றுத் தரும் செர்வ் ஏஸ் ஆகும்.

1990ல் விண்டோஸ் 3.0 உடன் வந்த சாலிடேர் விளையாட்டில் ஏஸ் கிடைத்தவுடன் அதை மேலே உள்ள காலிக் கட்டத்தில் வைக்க வேண்டும். அதன்மேல் அதே வகைச் சீட்டுகளை 2, 3 என ராஜா வரை அடுக்க வேண்டும். மவுஸ் புதிதாக இருந்த அந்நாளில், பிடித்து இழுத்து விடுவதைப் பலரும் இதில்தான் பழகினார்கள். நீங்களும் பழகலாம்.

வரலாற்றில் ஏஸ்

ஆலன் டூரிங் 1945ல் இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் வடிவமைத்த கம்ப்யூட்டரின் பெயரும் ஏஸ். ‘ஆட்டோமேட்டிக் கம்ப்யூட்டிங் எஞ்சின்’ என்பதன் சுருக்கம் இது. முழு வடிவம் தாமதமானதால் ‘பைலட் ஏஸ்’ என்ற சிறிய வடிவத்தை முதலில் உருவாக்கினார்கள். அது 1950 மே 10 அன்று தன் முதல் புரோகிராமை இயக்கியது.

விண்டோஸில் ஏஸ்

ஒரு போல்டரில் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ் சென்று, செக்யூரிட்டி டேபைத் திறந்திடுங்கள். யார் படிக்கலாம், யார் மாற்றலாம் என்ற பட்டியல் தெரியும். அதில் உள்ள ஒவ்வொரு பதிவும் ஓர் ஏஸ். அதாவது ‘அக்சஸ் கண்ட்ரோல் என்ட்ரி’. இங்கே ‘எவ்ரிஒன்’ என்பதற்கு எதிரே ‘டினை’ கட்டத்தில் விளையாட்டாகக்கூட டிக் செய்திட வேண்டாம். அந்த ‘எல்லோரும்’ என்பதில் நீங்களும் அடக்கம். உங்கள் போல்டர் உங்களுக்கே திறக்காமல் போகும்.

பைலில் ஏஸ்

இனி முக்கியமான செய்தி. ஜிப், ரார் போல ஏஸ் என்பதும் பைல்களைச் சுருக்கித் தரும் ஒரு வகை. 2000ஆம் ஆண்டை ஒட்டி வின்ஏஸ் என்ற புரோகிராம் மூலம் பலரும் இதைப் பயன்படுத்தினார்கள். வின்ரார் புரோகிராமும் இதைத் திறந்து கொடுத்தது.

அப்படித் திறக்க உதவிய துணைப் பைலில் ஒரு குறை இருப்பதை செக் பாயின்ட் நிறுவன ஆய்வாளர்கள் 2019 பிப்ரவரியில் வெளியிட்டார்கள். சுருக்கிய பைலை விரிக்கையில் உள்ளே இருப்பவை நாம் காட்டும் போல்டரில்தான் வந்து அமர வேண்டும். இந்தக் குறையினால், பைலைத் தயாரித்தவரே அந்த இடத்தைத் தீர்மானிக்க முடிந்தது. அவர் ஸ்டார்ட்அப் போல்டரைக் குறித்து வைத்தால் போதும். அடுத்த முறை நீங்கள் கம்ப்யூட்டரைத் தொடங்குகையில் அவருடைய புரோகிராம் தானாக இயங்கிவிடும். குறை ஏறத்தாழ 19 ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்தது. பைலின் பெயரை ரார் என்று மாற்றி அனுப்பினாலும் இந்தத் தந்திரம் பலித்தது. ஏனெனில் வின்ரார் பெயரைப் பார்ப்பதில்லை. உள்ளே இருப்பதைப் பார்த்தே வகையை அறிகிறது.

வின்ரார் 5.70 பதிப்பில் ஏஸ் வசதியையே நீக்கிவிட்டார்கள். ஆனால் வின்ரார் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்வதில்லை. பழைய பதிப்பு உங்களிடம் இருந்தால் குறையும் அப்படியே இருக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. வின்ராரைத் திறந்து, ஹெல்ப் மெனுவில் ‘அபவுட் வின்ரார்’ கிளிக் செய்து பதிப்பு எண்ணைப் பாருங்கள்.

2. 2023லும் 2025லும் வேறு குறைகள் சரிசெய்யப்பட்டன. எனவே 5.70 இருந்தால் போதும் என்று விட்டுவிடாமல், வின்ராரின் சொந்தத் தளத்திலிருந்து அண்மைப் பதிப்பை இறக்கிப் பதிந்திடுங்கள்.

3. விண்டோஸ் 11ல் பைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, வியூ, ஷோ, ‘பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ எனச் சென்று டிக் செய்திடுங்கள். பைலின் முழுப் பெயரும் தெரியும்.

4. எதிர்பாராமல் வரும் சுருக்கிய பைலை, அது நண்பரின் பெயரில் வந்திருந்தாலும், திறக்காதீர்கள். ஒரு போன் செய்து அவர்தான் அனுப்பினாரா என்று கேட்டுவிடுங்கள்.

சீட்டாட்டத்தில் ஏஸ் வந்தால் மகிழலாம். மெயிலில் வந்தால் முதலில் யோசியுங்கள்.