மெய்ப்பாடு அறிதல்: வகுப்பறைக்கு ஒரு பாடம்

கல்வி என்பது நூலறிவு மட்டுமன்று. தன் உள்ளத்தைத் தான் அறிதலும், பிறர் உள்ளத்தை உணர்ந்து அவரோடு இயைந்து வாழ்தலும் கல்வியேயாம். இதனை இக்காலக் கல்வியாளர் சமூக மனவெழுச்சிக் கற்றல் என்பர். மூளையும் நரம்பும் தொழிற்படும் முறையிற் பெரும்பாலாரின் வேறுபட்ட மாணாக்கர் பலர் நம்மிடையே உளர். ஓட்டிசம் உடையோரும், கவனத்தை ஓரிடத்து நிறுத்த இயலாதோரும், எழுத்துக் கூட்டி வாசிக்க இடர்ப்படுவோரும் இவ்வகையினர். இவர்களுள் ஓட்டிசம் உடையாரைச் சிறப்பாக நோக்கி, அவர்க்கு இக்கற்றல் வாய்க்குமாறு யாது என்பதை நம் கல்லூரி விழா மலரில் ஆராய விழைகின்றோம்.

தமிழ் பயில்வார்க்கு இப்பொருள் முற்றிலும் புதியதன்று. சிறுப்பிட்டி தந்த பெரியார் சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1885 ஆம் ஆண்டில் அச்சேற்றி அளித்த தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாம் இயல் மெய்ப்பாட்டியல். உள்ளத்து நிகழ்வது உடலின்கண் புலப்படுதலே மெய்ப்பாடு. அச்சம், வெகுளி, நகை, அழுகை, உவகை, பெருமிதம், மருட்கை, இளிவரல் என அவை எட்டாம். ஒவ்வொன்றுக்கும் நந்நான்கு காரணங்களையும் ஆசிரியர் வகுத்துள்ளார். நகை பிறத்தற்கு உரியனவற்றுள் ஒன்று எள்ளல். வெகுளி பிறத்தற்கு உரியனவற்றுள் ஒன்று அலைத்தல், அஃதாவது வருத்துதல். அச்சம் பிறத்தற்கு உரியனவற்றுள் ஒன்று இறை, அஃதாவது தம்மை ஆள்வோர். தோற்றத்தைக் கண்டவுடன் காரணத்தையும் நாடுக என்பதே இவ்வியல் நமக்குத் தரும் பாடமாகும். யாம் இதனை நெட்டுருப் பண்ணிப் பரீட்சையிற் சித்தியும் எய்தினோம். ஆயினும் வகுப்பறையிற் பயன்படுத்த அறிந்தோமில்லை.

முன்னர் யாம் கற்பித்த கொட்டாஞ்சேனைப் பாடசாலை ஒன்றில் ஏழாந் தரத்து மாணாக்கன் ஒருவன் இருந்தான். இலக்கணத்திற் கூரியன், எவர் முகத்தையும் நோக்கிப் பேசான். ஒருநாட் பாடவேளை முடிவு மணி ஒலித்தவுடன், அருகிருந்தவனைத் தள்ளிவிட்டு, புத்தகங்களை வீசி, மேசையின் கீழ்ப் புகுந்தான். வகுப்பு முழுதும் நகைத்தது. யாம் அதனை வெகுளியென்றும் அடங்காமையென்றும் கொண்டு, அவனை விறாந்தையில் நிறுத்தினோம். மணி தூங்கியதும் அவ்விறாந்தையிலேதான். இவ்வாறு மூன்று முறை நிகழ்ந்தது.

தவணை முடிவில் விடுகைப் பத்திரம் பெற வந்த அவன் தாயார், “ஐயா, அவனுக்கு அந்த மணிச் சத்தமெண்டால் சரியான பயம். காலமை எழும்பினதிலிருந்து அதைத்தான் நினைச்சுக்கொண்டிருப்பான்” என்றார். அச்சத்தை வெகுளியெனப் படித்தோம். அச்சத்தின் காரணத்தருகே அவனைக் கொண்டுபோய் நிறுத்தினோம். இறை என்னும் காரணத்தையும் அதனோடு கூட்டினோம். யாம் கற்ற இப்பாடம் அவனுக்குப் பயன்படவில்லை. அவ்வருத்தமே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

ஓட்டிசத்தை 1943 இல் அமெரிக்காவில் லியோ கனர் என்னும் மருத்துவர் பதினொரு குழந்தைகளைக் கொண்டு விளக்கினார். பிறர் உணர்வை அறியும் ஆற்றல் இவர்க்குக் குறைவு என்பதே நெடுங்காலம் நிலவிய கருத்து. 2012 இல் இங்கிலாந்தைச் சேர்ந்த டேமியன் மில்ட்டன் என்பவர், தாமும் ஓட்டிசம் உடையவர், மறுபக்கத்தைக் காட்டினார். அவர் நம்மை அறியாதது போன்றே நாமும் அவரை அறிகிலோம். குறை இருபாலும் உள்ளது என்பது அவர் கொள்கை. நம் நூல் வழக்கிற் கூறின், அவர்தம் மெய்ப்பாடு வேறு. உவகையிற் கையை உதறுவார். அச்சத்தில் முகம் அசைவற்றிருப்பார். கேட்டுக்கொண்டிருக்கும்போதே வேறெங்கோ நோக்குவார். செட்டியார் தெருவிலிருந்து ஆடிவேல் இரதம் பம்பலப்பிட்டி நோக்கி வரும்போது ஒரு குழந்தைக்கு உவகை தரும் மேளவொலி மற்றொரு குழந்தைக்குப் பொறுத்தற்கரிய நோவாகலாம். ஆதலின் அவரை நம்மைப்போல நடிக்கப் பழக்குதல் கல்வியாகாது. இருபாலாரும் ஒருவரையொருவர் படிக்கக் கற்றலே கல்வியாம்.

இதற்கு யாம் பின்னர்க் கைக்கொண்டு பயன் கண்ட முறைகள் சிலவற்றைக் கூறுவாம்.

முதலாவது, முன்னறிவித்தல். அன்றைய பாட ஒழுங்கைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதிவைத்தலும், மணியடிக்கச் சில நிமிடங்களுக்கு முன் சொல்லிவிடுதலும் அச்சத்தைப் பெரிதும் தணிக்கும். 

இரண்டாவது, இடமளித்தல். காலி வீதியின் இரைச்சல் நுழையும் யன்னலைவிட்டு விலகிய இருக்கையும், மனம் கலங்கும்போது அனுமதி வேண்டாது எழுந்துசென்று அமர ஓர் அமைதியான மூலையும் வேண்டும். அது தண்டனைக்குரிய மூலையன்று என்பதை வகுப்பு முழுதும் அறிதல் வேண்டும்.

மூன்றாவது, சொல்லைத் தெளித்தல். “காதைக் கொடு” என்றால் திகைப்பவனும், “கை கழுவிவிட்டான்” என்றால் நீர்க்குழாயை நினைப்பவனும் உளர். இது மடமையன்று, சொல்லைச் சொன்னவாறே கொள்ளும் நேர்மை. மரபுத்தொடரைப் பொருள் விரித்துக் கற்பித்தல் எல்லா மாணாக்கர்க்கும் நன்றே. “என் முகத்தைப் பார்” என வற்புறுத்துதலும் வேண்டா.

நான்காவது, மெய்ப்பாட்டுக் கொப்பி. எட்டு மெய்ப்பாட்டையும் தலைப்பாக இட்டு, ‘இது எனக்கு எதனால் வரும்? என் உடலில் எவ்வாறு தோன்றும்? அப்போது பிறர் எனக்குச் செய்யத்தக்கது யாது?’ என ஒவ்வொரு மாணாக்கனும் எழுதுக. வேறுபட்டவனை மட்டும் தனித்து எழுதச் செய்தல் தகாது. ஒருமுறை, வகுப்பிற் பிறரைக் கண்டு ஓயாது நகைக்கும் மாணாக்கன் ஒருவன், ‘அச்சம்’ என்னும் தலைப்பின்கீழ், “பயம் வந்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்” என எழுதியிருந்தான். அவனது நகையை எள்ளலென்றே அதுகாறும் எண்ணியிருந்தோம்.

இத்தகையோர் மிகச் சிலரே எனக் கருதற்க. இலங்கையின் நகர்ப்புறஞ் சார்ந்த பகுதி ஒன்றில் ஒன்றரை முதல் இரண்டு வயதுக் குழந்தைகளிடை நிகழ்த்திய ஆய்வொன்று 2009 இல் வெளிவந்தது. அது 93 குழந்தைகளுக்கு ஒருவர் ஓட்டிசம் உடையர் எனக் கண்டது. அக்கணக்கின்படி ஆயிரவர் பயிலும் பாடசாலையிற் பத்துப் பேர் இருத்தல் கூடும். கல்வி நிறுவனங்களிற் சேர்த்தலில் ஊனத்தைக் காரணமாகக் கொண்டு பாகுபாடு காட்டலாகாது என 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டமும் விதிக்கின்றது. எனினும் சட்டம் வாயிலைத் திறக்கும். வகுப்பறையுள் அமர்த்திவைப்பது நம் உள்ளமே.

பழைய மாணவர்காள்! உங்களோடு பயின்று, நகைக்கப்பட்டு, இடையில் நின்றுபோன ஒருவனை நினைந்து பாருங்கள். கல்லூரிக்கு நீங்கள் அளிக்கும் கொடையில் ஓர் அமைதி அறைக்கும் இடம் இருக்கட்டும். மாணாக்கர்காள்! நகைக்குமுன் அவன் அச்சத்தின் காரணத்தை வினவுங்கள். உடனாசிரியர்காள்! தண்டிக்குமுன் ஒருகால் ‘இது எம்மெய்ப்பாடு?’ என எண்ணுவோமாக. விடுகைப் பத்திரத்தில் ஒப்பமிடும் நாள்வரை அவ்வினாவிற்கு யாம் காத்திருந்தோம். நீவிர் அவ்வாறு காத்திராதொழிக.